24 கதவு, ஒரு பொம்மை, பொருந்தாத செருப்பு

தீபாவளி அலங்காரத்தைக் கழற்றிய கையோடு கடைத்தொகுதிகளில் கிறிஸ்துமஸ் மரத்தை நட்டுவிட்டார்கள். பொம்மைப் பிரிவுக்குள் நுழைந்தால் ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கும் அட்டைப்பெட்டிகளைக் கவனித்திருப்பீர்கள். ஒவ்வொன்றிலும் 1 முதல் 24 வரை எண் போட்ட குட்டிக் கதவுகள். பெயர் அட்வெண்ட் காலண்டர். சாக்லெட் வைத்தது, தேயிலைப் பொட்டலம் வைத்தது, முகப்பூச்சு வைத்தது, நாய்க்குப் பிஸ்கட் வைத்தது என்று எல்லாம் உண்டு. பெண் பிள்ளைகள் உள்ள வீட்டில் நச்சரித்துக் கேட்கப்படுவது ஃபேஷன் பொம்மை வைத்த காலண்டர்தான்.

சென்ற ஆண்டு அப்படி ஒன்று எங்கள் வீட்டுக்கும் வந்தது. விலை 69 வெள்ளி 90 காசு. வாங்கியவன் நான், கேட்டவள் எட்டு வயது அக்கா மகள். எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்று சொல்லப்போவதில்லை. இந்த ஆண்டு வாங்கலாமா என்று கணக்குப் போடும் பெற்றோருக்கு, எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதுதானே முக்கியம்? முப்பது வயது தாண்டிய, காலை நிகழ்ச்சியில் போக்குவரத்துச் செய்தி வாசிக்கும் ஆண்மகன் ஒருவன், பளீர் ரோஸ் நிறப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு பெருவிரைவு ரயிலில் வந்த கதையை இன்னொரு நாள் சொல்கிறேன்.

“நாம என்னைக்குடா அட்வெண்ட் கும்பிட்டோம்?” பெட்டியைப் பார்த்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி இது. நியாயமான கேள்விதான். கிறிஸ்துவின் பிறப்புக்குக் காத்திருக்கும் காலம் அட்வெண்ட். தேவாலயக் கணக்கில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காவது ஞாயிறன்று தொடங்கும். அதனால் ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும். அச்சிட்டு விற்பவர்களுக்கு அது ஒத்துவராது என்பதால் டிசம்பர் 1 என்று வைத்துக்கொண்டார்கள். நாட்களை எண்ணும் பழக்கம் ஜெர்மானியக் குடும்பங்களில் 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. சுவரில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, தினம் ஒன்றை அழிப்பார்களாம். கெர்ஹார்ட் லாங் என்பவர் சிறுவனாக இருந்தபோது, அவருடைய அம்மா அட்டையில் 24 பிஸ்கட்டுகளைத் தைத்துக் கொடுத்தார் என்று சொல்வார்கள். வளர்ந்து பதிப்பாளரான பிறகு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மியூனிக் நகரில் அதை அச்சுக்குக் கொண்டுவந்தவர் அவர். போருக்குப் பின் 1946இல் ஸ்டுட்கார்ட்டில் ரிச்சர்ட் செல்மர் மீண்டும் உயிர் கொடுத்தார். கடைசியில் நம் புளோக் பதினோராம் மாடி வரை வந்து சேர்ந்துவிட்டது.

அக்கா மகளுக்கு இந்த வரலாறெல்லாம் வேண்டியதில்லை. அவள் கணக்கு வேறு. அத்தான் கடலில் எண்ணெய்த் துரப்பண மேடையில் வேலை பார்க்கிறார். சில வாரம் கடல், சில வாரம் வீடு. அந்த முறை 24ஆம் தேதி வீடு திரும்புவதாக இருந்தது. “இன்னும் எத்தனை நாள்?” என்று அக்காவைக் கேட்டால் சில சமயம் பதில் வரும், இரவு வேலை முடித்து வந்த நாளில் அதட்டல் வரும். பெட்டியைக் கேட்டால் சரியாகச் சொல்லும் இல்லையா?

இனி பொம்மைக்கு வருவோம்.

முதல் கதவிலேயே பொம்மை இருந்தது. சில காலண்டரில் பொம்மையைக் கடைசிக் கதவுக்குப் பதுக்கி வைக்கிறார்கள். முதல் நாளே கொடுப்பதுதான் சரி என்பேன். உடுத்த ஆளில்லாமல் 23 நாள் சட்டையும் பையும் சேர்த்து என்ன செய்வது? ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. தனியாக விற்கும் பொம்மையை நெகிழித்திரை வழியே முகம் பார்த்து, பத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். மூடிய பெட்டியில் வருவது வந்ததுதான். எங்களுக்கு வந்தவளின் இடது கண் வலது கண்ணைவிட நூலளவு மேலே இருந்தது. கைத்தொலைபேசிக் கேமராவை நெருக்கிப் பிடித்தால் கண்ணும் உதடும் பொடிப் புள்ளிகளால் ஆனவை என்று தெரிந்தது. இப்போது பல பொம்மைகளுக்கு முகம் இப்படித்தான் அச்சாகிறது. ஒரு கை தூரத்தில் பிடித்தால் அழகாகவே இருந்தாள். அக்கா மகளுக்குப் புள்ளியும் தெரியவில்லை, நூலளவும் தெரியவில்லை.

அடுத்து கூந்தல். விலை குறைந்த பொம்மையின் குட்டு வெளிப்படும் இடம் இதுதான். இழையை இயந்திரத்தால் தலையில் வரிசை வரிசையாகத் தைக்கிறார்கள். முடியை விலக்கிப் பாருங்கள். நெற்றி ஓரத்திலும் வகிட்டிலும் மட்டும் அடர்த்தி, பின்மண்டையில் வெறும் வெளி என்றால் சிக்கனம் பிடித்திருக்கிறார்கள். எங்களவளுக்கு அப்படித்தான். குதிரைவால் போட்டால் வழுக்கை தெரிகிறது. இழையின் வகையும் முக்கியம். நைலான், சரான் இழைகள் வழுவழுப்பாக இருக்கும். வெந்நீரில் நனைத்துச் சுருட்டினால் சொன்ன பேச்சைக் கேட்கும். பாலிபுரொப்பிலீன் மலிவு, தொட்டால் வறண்டிருக்கும், சில நாள் விளையாட்டில் சிக்கு விழுந்து துடைப்பம்போல் நிற்கும். எங்களவளுடையது இந்த மூன்றாம் ரகம் என்பது என் கணிப்பு. டிசம்பர் 9ஆம் தேதியே சடை பின்னிவிட வேண்டியதாயிற்று. நுனியிலிருந்து தொடங்கி மேலே போய்ச் சீவுங்கள். உச்சியிலிருந்து இழுத்தால் முடி கையோடு வரும்.

உடம்பில் கழுத்து, இரண்டு தோள், இரண்டு இடுப்பு என ஐந்தே மூட்டு. முழங்கை மடங்காது. உட்கார வைத்தால் கால்கள் விறைப்பாக முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். பார்பியில் 2015 வாக்கில் வந்த ‘மேட் டு மூவ்’ வகைக்கு 22 மூட்டுகள். அதைத் தொட்டுப் பழகிய பிள்ளைக்கு இது மரக்கட்டைதான். மூட்டு இறுக்கமாக இருந்தது, கையைத் தூக்கினால் தூக்கிய இடத்தில் நின்றது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். திறந்ததும் அடித்த நெகிழி வாடை இரண்டு நாளில் போய்விட்டது.

பெரிய கூத்து செருப்பில். பொம்மையின் பாதம் தட்டை. கதவுகளுக்குள் இருந்த நான்கு ஜோடிக் காலணியில் மூன்று குதிகால் உயர்ந்தவை. தட்டைப் பாதத்தில் அவை நிற்குமா? வேறொரு பொம்மைக்குச் செய்த அச்சில் வார்த்து இந்தப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது ஜோடியும் பொருந்தாதபோது அக்கா மகள் என்னைப் பார்த்த பார்வைக்கு என்னிடம் பதில் இல்லை. “மாமா, இவங்க போட்டுப் பாக்காமயா வித்தாங்க?” என்றாள்.

ஆடைகளை மதிப்பிட என்னைவிடத் தகுதியானவர் வீட்டில் இருந்தார். எண்பதுகளில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தைத்தவர் அம்மா. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு சட்டையையும் உள்பக்கம் திருப்பினார். “வெளிப்பக்கம் பொய் சொல்லும்டா, உள்பக்கம் சொல்லாது.” ஆறு ஆடைகளில் நான்கிற்கு ஓரம் அடிக்கவில்லை, வெட்டிய விளிம்பு அப்படியே பிசிறு விட்டது. முதுகில் ஒட்டும் வெல்குரோ பட்டை துணியைவிடத் தடிமன். முடி அதில் மாட்டிக்கொண்டு சிக்கு இன்னும் கூடியது. மேல்சட்டையில் பை இல்லை, பையின் படம் அச்சடித்திருந்தது. வலைத்துணிப் பாவாடை ஒன்றை மட்டும், “இது தேறும்” என்று தள்ளி வைத்தார்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பார்பியை 1959இல் ரூத் ஹேண்ட்லர் அறிமுகம் செய்தபோது பொம்மையின் விலை மூன்று அமெரிக்க வெள்ளி. உடைகள் தனியே விற்கப்பட்டன. வியாபாரத்தின் உயிர்நாடியே அவைதான். அவற்றை வடிவமைத்த சார்லட் ஜான்சன் ஜப்பானில் தங்கித் தைக்க வைத்தார். அந்த உடைகளில் உள்துணி இருந்தது, இழுத்தால் திறக்கும் குட்டி ஜிப்பும் இருந்தது. இன்றும் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். ஃபேஷன் பொம்மை என்ற பெயரே உடையால் வந்தது. அந்த உடையிலேயே கஞ்சத்தனம் பார்த்தால் எப்படி?

மற்ற 13 கதவுகளில் உதிரிப் பொருள்கள். நான்காவதில் ஒரு கைப்பை. பதினொன்றில் அதே பை, நிறம் மட்டும் வேறு. பதினேழிலும் அதே. பதினேழாம் நாள் அவள் பையை எடுக்கக்கூட இல்லை. கதவைத் திறந்து பார்த்துவிட்டு, “இன்னும் ஏழு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கடையில் விசாரித்தேன். அதே தரத்துப் பொம்மை, அந்த ஆடைகள், உதிரிகள் எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கினால் 45 வெள்ளிக்குள் முடிந்துவிடும். ஆக, ஏறக்குறைய 25 வெள்ளி அந்த அட்டைக்கும் கதவுக்கும். ஒரு கதவுக்கு 2 வெள்ளி 91 காசு என்று வகுத்துப் பார்த்தால் கோப்பிக்கடைச் செலவுதான். நாள் எண்ணுவது உங்களுக்கு முக்கியமில்லை என்றால் கிறிஸ்துமஸ் முடியும்வரை பொறுங்கள். எண்ண நாளில்லாத பெட்டியைக் கடைக்காரர்கள் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி தங்கை இருக்கும் வீட்டில் எந்த விலைக்கும் வேண்டாம். செருப்பும் பையும் நேரே வாய்க்குத்தான் போகும். இன்னொன்று, அடர்நிற ஆடையை மாதக்கணக்கில் மாட்டியே வைக்காதீர்கள். சாயம் பொம்மையின் காலில் இறங்கினால் கழுவினாலும் எளிதில் போகாது.

22ஆம் தேதி மாலை அத்தானிடமிருந்து செய்தி வந்தது. கடலில் வானிலை சரியில்லை, ஹெலிகாப்டர் வரவில்லை, 26ஆம் தேதிதான் வர முடியும். அக்கா மகள் அழவில்லை. பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். “25, 26 எங்க?” என்றாள்.

அம்மா அன்றிரவு தூங்கப் போகவில்லை. காலையில் பெட்டியின் வலப்பக்கம் இரண்டு தீப்பெட்டிகள் ஒட்டியிருந்தன. மேலே பொன்னிறத் தாள், அதில் பேனாவால் எழுதிய எண்கள். 25இல் தீபாவளிக்குத் தைத்ததில் மிஞ்சிய பச்சைப் பட்டில் ஒரு பாவாடை. அரை விரல் அகலச் சரிகை, ஓரம் மடித்துத் தைத்தது, இடுப்பில் கொக்கி. 26இல் பழைய கைப்பையின் தோலை வெட்டிச் செய்த ஒரு ஜோடிச் செருப்பு. தட்டைச் செருப்பு. பொம்மை அதைப் போட்டுக்கொண்டு யாரும் பிடிக்காமலே சுவரில் சாய்ந்து நின்றது. இரண்டாவது தீப்பெட்டியை அவள் காலையில் திறக்கவில்லை. இரவு எட்டரைக்குக் கதவுமணி அடித்த பிறகு, அத்தான் காலணியைக் கழற்றும் முன்பே அவர் கையில் கொடுத்துத் திறக்கச் சொன்னாள்.

இந்த ஆண்டும் அத்தான் டிசம்பரில் கடலில்தான். கடைத்தொகுதிக்கு அழைத்துப்போய்ப் புதுப் பெட்டிகளைக் காட்டினேன். ஒன்றை எடுத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். பழைய பெட்டியை அலமாரிக்கு மேல் பத்திரமாக வைத்திருக்கிறாளாம், அதையே நிரப்பினால் போதுமாம். அம்மா இதுவரை ஒன்பது கதவுக்குத் தைத்து முடித்திருக்கிறார். கிழிந்த கதவுகளுக்கு அட்டை வெட்டி ஒட்டும் வேலை எனக்கு. மொத்தம் 26 வேண்டும் என்று உத்தரவு.