ஒரு மில்லிமீட்டர் ஆட்டம்



சுங்குவார்சத்திரத்திலிருந்து ஆறாம் வகுப்புத் தங்கச்சி ஒருத்தி எழுதியிருக்கிறாள். “தாத்தாவின் பழைய ஹெரால்டு கார் நேராகப் போகாமல் அலைகிறது. மெக்கானிக் மாமா ‘எண்டு போயிடுச்சு’ என்கிறார். எண்டு என்றால் என்ன?”

சபாஷ்! மெக்கானிக் சொன்ன வார்த்தையை அப்படியே பிடித்து அனுப்பியிருக்கிறாளே, அவள் காது கூர்மையான காது.

இன்று கார்கள் ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் உருவாகின்றன. ஸ்டாண்டர்டு ஹெரால்டு அதற்கு வெகுகாலம் முந்தியது. 1961இல் வண்டலூரை அடுத்த பெருங்களத்தூர் ஆலையிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டுதான் அதற்கு மூலம். அதை வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் கெட்டிக்கார வண்டி! பானெட்டைத் தூக்கினால் முன்பக்கம் முழுவதும் மட்கார்டோடு சேர்ந்து எழும். பழுது பார்க்க இத்தனை வசதி இன்றைய கார்களில் ஏது?

சரி, உள்ளே பார்ப்போமா?

ஸ்டீரிங்கைத் திருப்பினால் அதன் தண்டு சுற்றும். தண்டின் நுனியில் ஒரு குட்டிப் பல்சக்கரம். அதன் பெயர் பினியன். அது, பல் வெட்டிய ஒரு நீளக் கம்பியை இடமும் வலமும் நகர்த்தும். அந்தக் கம்பி, ரேக். ரேக்கின் இரண்டு முனையிலும் டை ராடு. டை ராடின் கடைசியில், சக்கரத்தைத் திருப்பும் ஸ்டீரிங் ஆர்மைப் பிடித்திருப்பதுதான் நம்ம எண்டு!

புரிந்ததா? இல்லையென்றால் மேலே உள்ள பத்தியை விரலால் காற்றில் வரைந்துகொண்டே இன்னொரு முறை படி. அவசரமில்லை.

இப்போது ஒரு சிக்கல். சக்கரம் திரும்ப மட்டுமா செய்கிறது? பள்ளத்தில் இறங்குகிறது, மேட்டில் ஏறுகிறது. எண்டு எல்லாப் பக்கமும் அசைந்துகொடுக்க வேண்டும், ஆனால் பிடியை விடக்கூடாது. உன் தோளைத் தொட்டுக் கையைச் சுழற்று. அறிவியல் பாடத்தில் படித்த பந்துக்கிண்ண மூட்டு! எண்டும் அதே மாதிரிதான். ஓர் இரும்புக் குண்டு, அதைக் கவ்விய கிண்ணம், நடுவில் கிரீஸ், மேலே ரப்பர் உறை. அந்தத் தங்கச்சியின் ஊருக்குப் பக்கத்தில் வாரணவாசியில் இருக்கும் ரானே மெட்ராஸ் ஆலைக்கு ஸ்டீரிங் பாகங்கள்தான் தொழில், தெரியுமா?

ரப்பர் உறை கிழிந்தால் மழைநீரும் மண்ணும் உள்ளே போகும். கிரீஸோடு சேர்ந்த மண் குண்டையும் கிண்ணத்தையும் அராவிக்கொண்டே இருக்கும். இடைவெளி விழும்.

எவ்வளவு இடைவெளி? ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள். “ப்பூ, அவ்வளவுதானா?” என்று சிரிக்காதே. பென்சிலை எடு.

ஸ்டீரிங் ஆர்மின் நீளம் 10 செ.மீ. என்று கொள்வோம். அதாவது 100 மில்லிமீட்டர். அதில் 1 மில்லிமீட்டர் என்பது நூறில் ஒரு பங்கு. கார் போகும் திசை அந்த அளவு விலகினாலே, 100 மீட்டர் போவதற்குள் கார் 1 மீட்டர் பக்கவாட்டில் போய்விடும்! மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் 100 மீட்டர் கடக்க 5 விநாடி போதும். பெங்களூர் நெடுஞ்சாலையில் பக்கத்தில் கன்டெய்னர் லாரி வரும்போது 1 மீட்டர் என்பது சின்னதா, சொல்.

மாமா எப்படிக் கண்டுபிடித்தார்? முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்தார். ஜாக்கை மட்டும் நம்பி யாரும் கீழே போகக்கூடாது. டயரை இடமும் வலமும் பிடித்து ஆட்டினார். அப்போது ஆடினால் எண்டைச் சந்தேகப்படலாம். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் பேரிங், பால் ஜாயின்ட், அல்லது ட்ரன்னியன்.

ட்ரன்னியன் ஹெரால்டின் தனிக்குணம். சக்கரம் திரும்பும்போது அடியில் ஒரு வெண்கலத் துண்டுக்குள் திருகாணிபோல் மரை சுற்றும். அதற்குக் கிரீஸ் வேண்டாம், 90 நம்பர் கியர் ஆயில்தான் வேண்டும். கெட்டிக் கிரீஸ் மரைக்குள் சரியாக இறங்காது. உள்ளே துரு பிடித்தால், சக்கரத்தைத் தாங்கும் இரும்பே ஒருநாள் உடையும். “எல்லாத்துக்கும் கிரீஸ் அடி” என்கிறவரிடம் ஹெரால்டைக் கொடுக்காதே!

எண்டைக் கழற்றுவது ஒரு வித்தை. அதன் கால் கூம்பு வடிவம், ஆர்மின் துளையில் இறுகியிருக்கும். நட்டைத் தளர்த்தி, துளையின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இரண்டு சுத்தியலால் அடித்தால் ‘டக்’கென்று விடும். பிறகு எண்டை டை ராடிலிருந்து திருகும்போது மாமா உதட்டுக்குள் எண்ணுவார். ஏன், சொல் பார்ப்போம்?

எத்தனை சுற்றில் கழன்றதோ, அத்தனை சுற்றில் புதியதை ஏற்றத்தான். ஒரு சுற்று கூடினாலும் குறைந்தாலும் டை ராடின் நீளம் மாறும். சக்கரம் கோணலாக நிற்கும். எண்ணினாலும் கடைசியில் வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும். புது எண்டின் நீளம் பழையதைப்போல அச்சாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

உனக்கும் ஒரு வேலை. வீட்டுக் கார் எஞ்சின் அணைந்து, பிரேக் போட்டு, முன்சக்கரம் முழுக்கத் திரும்பி நிற்கும்போது, பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பார். கறுப்பு ரப்பர் உறை தெரியும். கிழிந்து, கிரீஸ் கசிந்திருந்தால் அப்பாவிடமோ அம்மாவிடமோ உடனே சொல்லிவிடு.