நீந்தத் தெரிந்தவனுக்கும் தண்ணீரில் கண்டமுண்டு

கோடைப் பயிற்சி முகாம்கள் தொடங்கிய நாள்முதல், செவ்வாப்பேட்டை, வேப்பம்பட்டு வட்டாரத்திலிருந்து எம் மருத்துவமனைக்கு வரும் நீச்சல் பிள்ளைகளிற் சிலர், நீரால் நேர்ந்த கேட்டினும் கரையில் நடந்த வைத்தியத்தாலேயே அதிகம் நலிந்து, காலம் கடந்து வந்து சேர்வதே இதை எழுதத் தூண்டிற்று.

மூச்சடக்கும் பந்தயம்

வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுத்து விட்டபின், நீருக்கடியிலேயே அக்கரை தொட்டுத் திரும்பும் பந்தயத்தை அணிப் பிள்ளைகள் வீரமென்று கருதுகிறார்கள். மூச்சுக்குத் தவிக்கச் செய்வது இரத்தத்தில் மிகும் கரியமிலவாயுவே. அதை முன்னரே வெளியேற்றிவிட்டவன், பிராணவாயு வற்றிய பின்னும் திணறலை உணராமல், கூக்குரலின்றி மூர்ச்சையாகிறான். கைதேர்ந்தவரும் நீரில் மூர்ச்சிப்பதுண்டு; கண்காணிப்பே காக்கும். 2022 ஜூனில் புடாபெஸ்ட் உலகப் போட்டியில், கலைநீச்சல் வீராங்கனை அனிதா ஆல்வரெஸ் மூர்ச்சித்து அமிழ்ந்தபோது, உடுத்திய உடையோடு குதித்து மீட்டவர் அவரைவிட்டுக் கண்ணெடுக்காதிருந்த பயிற்சியாளர் ஆண்ட்ரியா ஃபுவெண்டஸ். பயிற்சி நடக்கும் இடமும் ஆபத்தற்றதன்று: சென்னை கே.கே. நகரில் 2012 ஆகஸ்டில் நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன் மாண்டதோ, ஏரியிலோ கிணற்றிலோ அன்று. பள்ளியின் நீச்சல் வகுப்பில்.

குடத்தின்மேல் உருட்டுதல்

வயிற்று நீரை வெளியேற்றினால் பிழைப்பான் என்றெண்ணி, பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும், குடத்தின்மேல் குப்புறக் கிடத்தி உருட்டுவதும் இன்னும் ஒழியவில்லை. உயிரைப் பறிப்பது வயிற்று நீரன்று, மூச்சின்மை. அமுக்கி மேலேற்றிய நீரும் சோறும் மூச்சுக்குழலில் இறங்க, மூளை பிழைப்பதற்குரிய சில நிமிடங்களும் வீணாகின்றன. சமதரையில் மல்லாக்கக் கிடத்தி, சுவாசமில்லையெனில் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சூதி, பின்னர் மார்பின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 வீதம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சாக, 108 வண்டி வரும்வரை விடாது செய்தல் வேண்டும்.

கண் விழித்த பிள்ளைக்கு மிளகு ரசமும், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய இருமல் மருந்தும் புகட்டித் தூங்கவைத்து, நள்ளிரவில் மூச்சிரைக்கத் தூக்கிவருகிறார்களே, அவர்களிடம் என்ன சொல்வது! நுரையீரல் வீக்கம் சில மணி நேரம் கழித்தும் தோன்றும். அப்போது கடைக்காரரா வருவார்? கண் விழித்ததும் எம்மிடம் கொண்டுவந்தால், மார்பு எக்ஸ்ரேயும் பிராணவாயு அளவும் பார்த்து, சில மணி நேரம் வைத்திருந்து அனுப்புவோம்.

ஒரு விண்ணப்பம்

பயிற்சியாளர்களே, மூச்சடக்கும் பந்தயத்தை அடியோடு நிறுத்துங்கள்; நேரம் குறிப்பவர் வேறு, தலைகளை எண்ணிக்கொண்டே நிற்பவர் வேறாக இருக்கட்டும்; அவர் கையில் கைப்பேசி வேண்டாம். தாய்மார்களே, அணியில் சேர்க்கமாட்டார்களோ என்றஞ்சிப் பிள்ளையின் வலிப்பையும் இழுப்பையும் படிவத்தில் மறைக்கிறீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், எழுதிவிடுங்கள்.