இடித் தெய்வமும் ஆட்டுக் கூச்சலும்

2022-ஆம் வருஷம் ஜூலை மாதம் வெளியான ‘தோர்: லவ் அண்டு தண்டர்’ என்னும் அமெரிக்கப் படத்தை நாம் மிகுந்த ஆவலுடனேயே காணச் சென்றோம். வடதேசப் புராணங்களில் இடிக்கு அதிபதியான தோர் என்னும் தேவனை மார்வெல் கம்பெனியார் அசகாய சூரனாக்கி வெகு காலமாயிற்று. 2017-இல் ‘தோர்: ரக்னராக்’ படத்தில் டைரக்டர் டைக்கா வைட்டீட்டி அவனைக் கொண்டே நம்மை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தார். அந்த ஹாஸ்யத்தினூடே, தேசமென்பது மண்ணன்று, ஜனங்களே என்ற கருத்தும் நிலைத்து நின்றது. ஆகவே நாம் ஆசைப்பட்டதில் பிழையில்லை.

புதிய படத்தின் ஆரம்பம் அபாரமானது. நீரற்ற பாலையில் கோர் என்னும் பக்தன், சாகக்கிடக்கும் தன் மகளைக் காக்குமாறு தெய்வத்தை வேண்டுகிறான். மகள் மாண்டு போகிறாள். அத்தெய்வமோ சோலையொன்றில் விருந்துண்டு களித்திருக்கிறது! முறையிட்டவனுக்குக் கிடைத்தது ஏளனமே. தேவர்கள் அனைவரையும் கொன்றொழிப்பதாக அவன் சபதம் செய்கிறான். இத் தகப்பனாக வரும் கிறிஸ்டியன் பேலின் கண்களைக் கண்டு நாம் நடுங்கினோம். நம்பிய ஜனங்களைக் கைவிட்ட அதிகாரத்துக்கு அந்த ஜனங்கள் அளிக்கும் பதில் யாது? இக்கேள்வியை எழுப்பத் துணிந்த டைரக்டரை மனமார வாழ்த்தினோம்.

வாழ்த்து வாயிலேயே உலர்ந்தது. உதவி நாடித் தோர் தேவசபைக்குப் போனால், அங்கே தலைமை வகிக்கும் ஜீயஸுக்கும் கேளிக்கையிலன்றி வேறொன்றிலும் சிரத்தையில்லை. அதாவது, கோர் சொன்னது மெய்யே என்று படமே சாட்சி கூறுகிறது! டைரக்டர் இதைக் கவனித்ததாகவே தோன்றவில்லை. அடுத்த வேடிக்கைக்கு ஓடிவிடுகிறார். கப்பலை இழுக்கும் இரண்டு ஆடுகள் ஓயாமல் அலறுகின்றன. முதல் அலறலுக்குச் சிரித்தோம், இரண்டாவதற்குப் புன்னகைத்தோம், பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டோம்.

ஜேன் என்னும் மாதுக்குப் புற்றுநோய். தோரின் சம்மட்டியைக் கையிலேந்தும் போதெல்லாம் அவள் வீராங்கனையாகிறாள். ஆனால் அதே சம்மட்டி அவள் உயிர்ப்பலத்தை உறிஞ்சுகிறது. எத்தகைய சோகம்! இதையும் பரிகாசங்களுக்கிடையே நெருக்கித் தள்ளிவிட்டார்கள். ஹாஸ்யத்தை நாம் வெறுப்பவரல்லோம். ஆயினும் மயான காண்டத்தில் சந்திரமதி மகனை மடியில் கிடத்திப் புலம்புகையில் பபூன் புகுந்து ஆடு போல் கத்தினால் யார் சகிப்பர்?

முடிவில் ஜேன் தோரின் கரங்களில் உயிர் நீத்தபோது நமது கண்கள் வறண்டே இருந்தன. அருகிலிருந்த சிறுவன் மட்டும், ஆடுகள் மறுபடி எப்போது வருமென்று தன் தகப்பனாரை விசாரித்துக் கொண்டிருந்தான்.