வண்டி எப்போது இழுக்கிறது?

"அண்ணே, வண்டி லெஃப்ட்ல இழுக்குது. அலைன்மென்ட் பாத்து விட்ருங்க."

கள்ளக்குறிச்சி டயர் கடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. நோயையும் மருந்தையும் வண்டிக்காரரே சொல்லிவிடுகிறார். கடைக்காரர் வண்டியை மேடையில் ஏற்றி, சொன்னதைச் செய்து அனுப்புகிறார். கச்சிராயபாளையம் போய்ச் சேருவதற்குள் வண்டி மறுபடி இடப்பக்கம் ஒதுங்குகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். கேட்ட வேலைக்கும் இருந்த கோளாறுக்கும் சம்பந்தமில்லை, அவ்வளவுதான்.

பெரும்பாலான சிறிய கார்களிலும், குட்டி யானை என்று நாம் அழைக்கும் சிறு சரக்கு வண்டிகளிலும், அலைன்மென்ட் கடையில் எளிதாகத் திருத்த முடிவது முன்சக்கரங்களின் 'டோ' ஒன்றைத்தான். மேலிருந்து பார்த்தால் இரண்டு முன்சக்கரங்களும் ஒன்றையொன்று நோக்கித் திரும்பியிருக்கின்றனவா, விலகியிருக்கின்றனவா என்ற கணக்கு அது. இந்தக் கணக்கு தப்பினால் டயர் சீக்கிரம் தேயும். டயரின் பட்டன்மீது கையை உள்ளிருந்து வெளியே தேய்த்தால் வழவழப்பாகவும், வெளியிலிருந்து உள்ளே தேய்த்தால் ரம்பம் போலவும் (அல்லது நேர்மாறாகவும்) தட்டுப்படும். ஸ்டியரிங் கோணலாக நிற்கலாம். ஆனால் முன்சக்கரங்கள் இரண்டும் டை ராடால் பிணைக்கப்பட்டவை. ஓடும்போது பிழையை ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொண்டு வண்டி நேராகத்தான் போகும். ஸ்டியரிங் கோணலாக இருந்தும் வண்டி நேராகப் போவது ஒரு குறை. கையை எடுத்தால் வண்டி ஒதுங்குவது வேறொரு குறை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதிப் பணம் வீணாகிறது.

அதனால் பட்டறைக்குப் போகுமுன் ஓட்டுநர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, எப்போது இழுக்கிறது என்பது. எப்போதுமா? பிரேக் மிதித்தாலா? மலை இறங்கிய பிறகா? பாரம் ஏற்றினாலா?

எப்போதும் இடப்பக்கமே ஒதுங்குகிறது என்றால் முதலில் சாலையைச் சந்தேகியுங்கள். மழைநீர் வடிவதற்காகச் சாலையை நடுவில் உயர்த்தி ஓரங்களைத் தாழ்த்திப் போடுகிறார்கள். தார்ச்சாலைக்கு இந்தச் சரிவு பொதுவாக 2 முதல் 2.5 சதவீதம். 7 மீட்டர் அகலச் சாலையில் 2.5 சதவீதம் என்றால் நடுவைவிட ஓரம் ஏறக்குறைய 9 செ.மீ. தாழ்வு. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் 1500 கிலோ எடையுள்ள காரை அது சுமார் 37 கிலோ விசையோடு ஓரத்துக்குத் தள்ளுகிறது. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால் போகும்போதும் இடப்பக்கமே ஒதுங்கும், அதே சாலையில் திரும்பி வரும்போதும் இடப்பக்கமே ஒதுங்கும். உளுந்தூர்பேட்டை–சேலம் நான்குவழிச் சாலையிலும் நேரான பகுதிகளில் சரிவு வெளி ஓரத்தை நோக்கித்தான். மெதுவாக, லேசாக இடப்பக்கம் போனால் வண்டியில் குறை இருக்க வேண்டியதில்லை. வலப்பக்கம் இழுத்தால் சாலையின் சரிவையும் மீறி ஏதோ இழுக்கிறது என்று பொருள். அதை ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்தது காற்று. காற்று குறைந்த டயர் தரையில் அதிகம் நசுங்கி உருள்வதால் தடை கூடுகிறது. வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்தால்தான் அளவு சரியாக வரும். வெப்பம் 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் ஏறினால் காற்றழுத்தம் சுமார் 1 பி.எஸ்.ஐ. ஏறும். காலை வெயில் ஒரு பக்கம் மட்டும் விழும்படி நிறுத்திய வண்டியில்கூட இரு பக்கத்துக்கும் அளவு வேறுபடும்.

காற்று சரியாக இருந்தும் டயரே குற்றவாளியாக இருக்கலாம். ரேடியல் டயருக்குள் இருக்கும் எஃகுப் பட்டைகள் தயாரிப்பின்போது கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருந்தால், வெளியே குறை தெரியாத அந்த டயர் கூம்பு போல நடந்துகொண்டு ஒரு பக்கமாகத் திரும்பப் பார்க்கும். இதைக் கண்டுபிடிக்க எந்திரம் வேண்டாம், ஜாக்கியும் ஸ்பேனரும் போதும். முன்டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். இடப்பக்கம் இழுத்தது இப்போது வலப்பக்கம் இழுத்தால் கோளாறு டயரில். மாறாமல் இடப்பக்கமே இழுத்தால் கோளாறு வண்டியில். செலவே இல்லாத இந்தச் சோதனையை எவ்வளவு பேர் செய்யாமல் விடுகிறார்கள் என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. சுற்றும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயராக இருந்தால் மட்டும் இடவலம் மாற்றாமல் அதே பக்கத்துப் பின்டயரோடு மாற்ற வேண்டும். முன் அச்சில் ஒரு பக்கம் ரேடியல், மறுபக்கம் நைலான் டயர் என்று கலந்து போட்டிருந்தால் சோதனையே தேவையில்லை. உடனே கழற்ற வேண்டும்.

டயரும் இல்லை என்றால் சக்கரம் நிற்கும் கோணத்துக்கு வருகிறோம். பழைய சைக்கிள் டயரைக் குச்சியால் தட்டி ஓட்டும் பிள்ளையைப் பாருங்கள்: டயர் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் திரும்பும். முன்சக்கரத்தின் மேல்பகுதி வெளியே சாய்ந்திருப்பதும் உள்ளே சாய்ந்திருப்பதும் 'கேம்பர்'. இரு பக்கமும் ஒரே அளவு சாய்ந்தால் ஒன்றையொன்று ஈடுசெய்யும். வேறுபட்டால், எந்தச் சக்கரம் அதிகம் வெளியே சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் இழுக்கும். இன்னொன்று 'காஸ்டர்'. ஸ்டியரிங் திருப்பும்போது சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ, அந்த அச்சின் மேல்முனை சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவது பெரிதும் இதனால்தான். இந்தச் சாய்வு குறைந்த பக்கம் வண்டி இழுக்கும். நம் ஊரில் இடது முன்சக்கரம்தான் சாலையோரப் பள்ளங்களையும் தார் அரித்த விளிம்புகளையும் வாங்கிக்கொள்கிறது. பலமாக ஒரு அடி விழுந்து கீழ்ஆர்ம் பின்னால் தள்ளப்பட்டால் இடப்பக்கக் காஸ்டர் குறைந்து வண்டி இடப்பக்கம் இழுக்கத் தொடங்கும். ஆர்ம் வளைந்ததை டோ திருத்திச் சரிசெய்ய முடியாது.

இனி பிரேக். கல்வராயன் மலைக்குப் போய்வரும் வண்டிக்காரர்கள் இந்தப் பகுதியைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். வெள்ளிமலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக் கோமுகி அணைப் பக்கம் வரும் பிக்கப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பாரத்தோடு 3 டன் எடையுள்ள வண்டி 500 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், சுமார் 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. ஏறிய கியரிலேயே இறங்கினால் அதில் நல்ல பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் ஏறக்குறைய எல்லாம் பிரேக்கின் தலையில்.

பிரேக் கோளாறு இரண்டு விதமாக இழுக்கும், இரண்டும் எதிரெதிர்த் திசையில். பெடலைத் தொடாமல் ஓடும்போதே இழுத்தால், இழுக்கும் பக்கத்துப் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. மிதிக்கும்போது மட்டும் இழுத்தால், இழுக்கும் பக்கத்துப் பிரேக் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மறுபக்கத்துப் பிரேக்தான் பிடிக்கவில்லை. லைனிங்கில் ஆயிலோ கிரீஸோ பட்டிருக்கலாம், வீல் சிலிண்டர் ஒழுகலாம், காலிப்பர் பிஸ்டன் நகராமல் இறுகியிருக்கலாம். "லெஃப்ட்ல இழுக்குது" என்று இடப்பக்க டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிவிட்டு, வலப்பக்கத்தைத் தொடாமல் விடுகிற தவறு இங்கேதான் நடக்கிறது. அந்த வண்டி அடுத்த முறை மலை இறங்கும்போது மூன்று சக்கரப் பிரேக்கோடு இறங்குகிறது.

விடாமல் பிடிக்கும் பிரேக்கைக் கண்டுபிடிக்க வெப்பம் உதவும். ஆனால் அடிவாரத்தில் நின்றதும் பார்த்தால் எல்லாச் சக்கரமும் சுட்டுக்கொண்டுதான் இருக்கும். சமதரையில் சில கிலோமீட்டர் பிரேக் அதிகம் மிதிக்காமல் ஓட்டி, தானாக வேகம் குறையவிட்டு நிறுத்துங்கள். நல்ல பிரேக் அதற்குள் ஆறியிருக்கும். புறங்கையை ரிம்முக்கு அருகில் கொண்டுபோனால் போதும், தொடக் கூடாது. இடத்தையும் வலத்தையும் ஒப்பிடுங்கள். முன்னையும் பின்னையும் ஒப்பிட வேண்டாம், முன்பிரேக் இயல்பாகவே அதிகம் சூடாகும்.

சுடும் சக்கரத்தைத் தூக்கி, பிரேக்கை மிதித்து விட்டால் சுழலாமல் நிற்கும். அப்போது மெக்கானிக் பிளீடர் ஸ்க்ரூவைத் தளர்த்த வேண்டும். சக்கரம் உடனே விடுபட்டால் எண்ணெய் அழுத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் சிக்கியிருந்தது; பெரும்பாலும் பிரேக் ஹோஸின் உட்சுவர் ஊதி வழியை அடைத்திருக்கும். வெளியே பார்த்தால் ஹோஸ் புதிது போலவே இருக்கும். ஸ்க்ரூவைத் திறந்தும் விடுபடவில்லை என்றால் காலிப்பரோ பின்னோ இறுகிவிட்டது.

பாரம் ஏற்றினால் மட்டும் இழுக்கிற வண்டிக்குப் பின்பக்கம் போக வேண்டும். பாரம் ஒரு பக்கமாக அடுக்கப்பட்டிருக்கிறதா, ஒரு பக்கத்து ஸ்பிரிங் பட்டை தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பட்டைகளை ஒன்றாகக் கட்டும் சென்டர் போல்ட் அறுந்தால் பின் அச்சே ஒரு பக்கம் நகர்ந்துவிடும். பின்சக்கரங்கள் ஒரு திசைக்கு வண்டியைத் தள்ள, ஓட்டுநர் ஸ்டியரிங்கைக் கோணலாகப் பிடித்துக்கொண்டே ஓட்டுவார்; பின்னால் வருகிறவர்களுக்கு வண்டி குறுக்காக ஓடுவது தெரியும். முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை இருபக்கமும் நூல் பிடித்து அளந்தால் பட்டறையிலேயே வெளிப்பட்டுவிடும்.

இவ்வளவும் பார்த்து, தேய்ந்த புஷ், பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட் எல்லாம் மாற்றிய பிறகு அலைன்மென்ட் செய்தால்தான் அது நிற்கும். ஆட்டம் காணும் மூட்டின்மேல் செய்த அலைன்மென்ட் முதல் பள்ளத்தோடு போய்விடும். எந்திரம் அச்சிட்டுத் தரும் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் வரம்புக்குள் இருக்கும் எண்கள் பச்சையாகத் தெரியும். ஒவ்வொரு பக்கத்துக்கும் கேம்பர் வரம்பு கூட்டல் 0.5 முதல் கழித்தல் 0.5 டிகிரி வரை என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் கூட்டல் 0.4, வலப்பக்கம் கழித்தல் 0.4 என்றால் இரண்டும் பச்சைதான். ஆனால் இரண்டுக்கும் நடுவே 0.8 டிகிரி வித்தியாசம். வண்டி இடப்பக்கம் இழுக்கும்.