உங்களுக்குத் தெரியுமா? தூண்டில் பூச்சியின் பளபளப்பு மரத்திலிருந்து வருகிறது!

டிரவுட் மீனை ஏமாற்ற, தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிப் பூச்சி போல் செய்வார்கள். அதன் உடலுக்குச் சுற்றும் மினுமினுப்பான ரேயான் இழை 'செயற்கைப் பட்டு' என்று பெயர் வாங்கியது. ஆனால் அதன் மூலப்பொருள் மரக்கூழ்! 1892-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற விஸ்கோஸ் முறையில், மரக்கூழைக் காரத்தில் கரைத்து இழையாக்குகிறார்கள்.

• 1878-இல் நியூயார்க்கில் பிறந்த 'ராயல் கோச்மேன்' பூச்சியின் இடுப்பில் சிவப்புப் பட்டை உண்டு. மயிலிறகு இழையாலான உடல் சீக்கிரம் அறுந்துவிடாமல் இருக்கவே அதைச் சுற்றினார்கள். அன்று அது அசல் பட்டு. இன்று பலர் சுற்றுவது ரேயான்.

• நனைந்த ரேயான் வலுவிழக்கும். மீனின் பல் பட்டால் பிசிறும். அதனால்தான் மேலே மெல்லிய கம்பியைச் சுற்றிக் காக்கிறார்கள். நைலான், பாலியஸ்டர் இழைகளுக்கு இந்தப் பலவீனம் மிகக் குறைவு.

• இழையில் முறுக்கு ஏறினால் உடல் மேடுபள்ளமாகும். முறுக்கை எதிர்த்திசையில் பிரித்து, நாடா போலத் தட்டையாகச் சுற்ற வேண்டும். சொரசொரப்பான விரல் நுனியும் ஆகாது. இழை சிக்கிப் பிய்ந்துவிடும். அழகான உடலுக்குப் பாதி வேலை இந்தப் பொறுமைதான்.

• தண்ணீர் பட்டதும் நிறம் கருக்கும், அடியில் உள்ள நூலும் தெரியும். வெளிர் நிற இழை என்றால் அடியில் வெள்ளை நூல் சுற்றுங்கள். முதலில் ஒரு துண்டை நனைத்துப் பார்த்துவிட்டே நிறத்தைத் தேர்ந்தெடுங்கள்.