பசுவின் காலடியில் ஒரு குடியிருப்பு

அயர்லாந்தின் பச்சைப் புல்வெளியில் ஒரு பசு மேய்ந்துகொண்டிருக்கிறது. அதன் ஒரு குளம்புக்குக் கீழே, மண்ணுக்குள் எத்தனை உயிர்கள் குடியிருக்கும்? சொல்லுங்கள் பார்ப்போம்!

எண்ணவே முடியாது, அவ்வளவு இருக்கும். அவற்றில் ஒன்று ஸ்பிரிங்டெயில். ஆறு கால், பெரும்பாலும் கடுகளவுகூட இருக்காது. வயிற்றுக்கு அடியில் கவை மாதிரி ஓர் உறுப்பை மடக்கி வைத்திருக்கும். ஆபத்து வந்தால் அதைப் படாரென்று விரித்துத் தரையில் அடிக்கும். அவ்வளவுதான், ஆள் எகிறிப் போயாச்சு! பூஞ்சையும் மட்கிய புல்லும்தான் இதற்குச் சாப்பாடு.

இத்தனை சாமர்த்தியம் இருந்தும், பாவம், இதற்குக் குழி தோண்டத் தெரியாது. வேரும் மண்புழுவும் உண்டாக்கிய இடுக்குகளில்தான் வாசம். மழையில் ஊறிய நிலத்தை மாடுகள் மிதித்தாலோ, கனமான டிராக்டர் ஏறி இறங்கினாலோ மண் இறுகி, அந்த இடுக்குகள் அடைந்துவிடும். குடியிருப்பும் காலி!

ரொம்ப ஈரமான நாட்களில் அயர்லாந்தில் பல விவசாயிகள் மாடுகளைக் கொட்டகையிலேயே வைத்துக்கொள்வார்கள். புல்லும் மண்ணும் கெடக்கூடாதே என்றுதான். அதில் ஸ்பிரிங்டெயிலுக்கும் லாபம்!