கல்லுக்கு விலை கிடையாதாம்!

போன தை மாதம் என் மகளுக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம். சபா வாடகை, பக்கவாத்தியம், சாப்பாடு என்று கணக்குப் போட்டதிலேயே எங்களுக்கு மூச்சு முட்டிவிட்டது. "உங்கம்மா கொடுத்த கெம்பு அட்டிகை பீரோவுல சும்மாதானே கிடக்கு? அதைப் போட்டுப் பணமாக்கலாமே" என்றார் என் கணவர். அம்மா போய் ஆறு வருஷமாகிறது. மனசே இல்லாமல்தான் தி.நகருக்கு எடுத்துப் போனேன்.

கடைக்காரர் உரசிப் பார்த்துவிட்டு, "மேடம், இது வெள்ளி. மேலாக்கத்தான் தங்கம். கல்லுக்கு விலை கிடையாது. கல்லையும் அரக்கையும் எடுத்துட்டு வெள்ளி எடைக்கு வேணா தரலாம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷம் முழுத்தங்கம் என்றே நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார், "அப்போ உங்கப்பா எங்களை ஏமாத்திட்டாரா?" என்று கேட்டுவிட்டார். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அப்பா சாதாரண சம்பளக்காரர். ஒருவேளை அவரே ஏமாந்திருப்பாரோ?

மறுநாள் மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம், கல் கட்டும் வயதான பத்தர் ஒருவரிடம் காட்டினேன். திருப்பிப் பார்த்ததுமே, "வடசேரி வேலையாச்சே! யாரும்மா நாகர்கோவில்?" என்று கேட்டார். "எங்கம்மா" என்றேன். பிறகு பொறுமையாகச் சொன்னார்.

நாகர்கோவிலை ஒட்டிய வடசேரியில் தலைமுறை தலைமுறையாகச் செய்கிற கோயில் நகை இது. சுவாமிக்குத் தங்கத்தில் செய்ததையே, ஆடுகிறவர்களுக்கு வெள்ளியில் செய்தார்கள். வெள்ளித் தகட்டில் குழி அமைத்து, உள்ளே அரக்கு வைத்துக் கல்லைப் பதித்து, சுற்றிலும் தங்க ரேக்கை அழுத்தி மெருகேற்றுவார்கள். "இதுல ஏமாத்து ஒண்ணும் இல்லம்மா. இதோட முறையே இதுதான். எடைக்குப் போட்டா கைவேலைக்கு என்ன மரியாதை?" என்றார். இந்த நகைக்கு 2007-08ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் கல்யாணத்தின்போது அம்மா, "இதைப் பவுன் கணக்குல சேர்க்காதேடி, இது வடசேரி அட்டிகை" என்று சொன்னாள். கல்யாண சந்தடியில் அதன் அர்த்தம் எனக்குப் புரியவில்லை.

அரங்கேற்றத்துக்காக அமெரிக்காவில் அரிசோனாவிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தாள். அவள் கையில் வெள்ளியில் நீலக்கல் பதித்த காப்பு. "இது நவஹோ பழங்குடிக்காரங்க செஞ்சது அண்ணி. கல்லு பேரு டர்க்காய்ஸ், நம்ம ஊர்ல பிரோசா" என்றாள். நவஹோ மக்களுக்கு அது புனிதமான கல்லாம். அவர்களுடைய நான்கு புனித மலைகளில் ஒன்றை அந்தக் கல்லோடு சேர்த்தே சொல்வார்களாம். வெள்ளி வேலையை 1800களின் நடுவில் மெக்சிகோ தட்டார்களிடம் கற்றுக்கொண்டு, பிறகு இந்தக் கல்லை அதில் பதிக்கத் தொடங்கினார்களாம். கைமுடை வந்தால் நகையைக் கடையில் அடகு வைத்துச் சாமான் வாங்குவார்கள், சடங்கு வந்தால் மீட்டுப் போட்டுக்கொள்வார்கள் என்றாள். அப்படியே நம் கதைதான்! போலிகள் பெருகியதால், பழங்குடியினர் செய்யாததை அவர்கள் செய்தது என்று சொல்லி விற்கக் கூடாது என 1990ல் அமெரிக்காவில் சட்டமே போட்டிருக்கிறார்களாம்.

நம் லடாக்கிலும் இதே நீலக்கற்களை வரிசை வரிசையாகத் தைத்த 'பெராக்' என்ற தலையணியைத் தாய் தன் மூத்த மகளுக்குக் கொடுப்பது வழக்கம். அதை எடை போட்டா கொடுக்கிறார்கள்? நாத்தனார் பேசப் பேச மாமியார் வாயே திறக்கவில்லை.

அட்டிகையை விற்கவில்லை. என் இரண்டு தங்க வளையல்கள்தான் இப்போது அடகில் இருக்கின்றன. மெல்ல மீட்டுக்கொள்ளலாம்.

சகோதரிகளுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தைகள். பழைய கல் நகையை அவசரப்பட்டு எடைக்குப் போடாதீர்கள். விவரம் தெரிந்த பத்தரிடம் முதலில் காட்டுங்கள். புதிதாகக் கல் நகை வாங்கினால், கல்லின் எடையையும் தங்கத்தின் எடையையும் பில்லில் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் சுத்தத்துக்குத்தான். கல் அசலா என்று அது சொல்லாது. அரக்கு வைத்த நகையை வெந்நீரில் போடாதீர்கள், கல் கழன்றுவிடும். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தாலே போதும். முக்கியமாக, பெண்ணுக்கு நகை கொடுக்கும்போது அது எதில் செய்தது, எந்த ஊர் வேலை என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். என்னைப் போல் ஒரு ராத்திரி பெற்றவர்களைச் சந்தேகப்பட வேண்டியிருக்காது.

அரங்கேற்றத்தன்று பாட்டியின் அட்டிகையோடு என் மகள் மேடையேறினாள். விளக்கு வெளிச்சத்தில் அந்தச் சிவப்புக் கற்கள் மின்னியபோது என் கண் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் மாமியார் பக்கத்து மாமியிடம், "எங்க சம்பந்தி வீட்டு அட்டிகை. அசல் வடசேரி வேலையாக்கும்!" என்று சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது.

- ஒரு வாசகி, கே.கே. நகர், சென்னை-78.